கொடிமலை பங்களாவுல விறகு ரேஞ்ச் குக்கர், பம்ப் இல்லாத சுடுதண்ணி: ஒரு முழு நிகழ்வு ஆய்வு

விறகு போட்டு எரிக்கிற ரேஞ்ச் குக்கருக்குள்ள (சமையலுக்குன்னு செஞ்ச பெரிய வார்ப்பிரும்பு அடுப்பு) பாய்லர், அதாவது தண்ணி சூடாகுற பெட்டி, இருந்தா, அந்த பாய்லர்ல இருந்து வெளிக்காத்து வரைக்கும் ஒரு பைப் எப்பவும் திறந்தே இருக்கணும், நடுவுல கேட் வால்வோ (கையால திருகி மூடுறது) செக் வால்வோ (தண்ணிய ஒரு பக்கம் மட்டும் விடறது) பிளக்கோ எதுவுமே வரக்கூடாது. இத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா பினாங்கு கொடிமலைல நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டுல இந்த ஒரு பைப் இல்லாமலேயே அடுப்ப பத்த வெச்சு கொஞ்ச காலம் சமைச்சிருக்காங்க, என்ன ஆபத்துக்குப் பக்கத்துல நிக்கிறோம்னு வீட்டுல யாருக்குமே தெரியல. பினாங்குல இந்த மாதிரி அடுப்பு அபூர்வம்தான், ஆனா மலை பங்களா, ஃபார்ம் ஸ்டேனு நடத்துறவங்க சில பேரு வெளிநாட்டுல இருந்து பழைய அடுப்ப கன்டெய்னர்ல போட்டு கொண்டு வந்துட்டு நம்ம பிளம்பருங்க கையில கொடுத்து மாட்டச் சொல்றாங்க, நமக்குத் தெரிஞ்சது எல்லாம் எலெக்ட்ரிக் ஹீட்டரும் சோலார் ஹீட்டரும், அதே பழக்கத்துல இதையும் மாட்டிட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு இந்த வேலை நல்ல உதாரணம், அதனால நம்பரோட எழுதறேன்.

வீடு உச்சிக்குக் கொஞ்சம் கீழ, சரிவுல கட்டின பழைய பங்களா. கொடிமலையோட உயரமான இடம் 833 மீட்டர், கீழ ஜார்ஜ்டவுன்ல 32 டிகிரி கொளுத்துற அன்னிக்கும் மேல ராத்திரி 20, 21 டிகிரிக்கு இறங்கிடும், மூடுபனி சூழ்ந்துட்டா காயப் போட்ட துணி மறுநாளும் ஈரமாவே இருக்கும். டேங்க் தண்ணிய நான் அளந்தப்ப 22 டிகிரி, காலைல அதுல குளிக்கறது வயசானவங்களுக்கு நிஜமாவே கஷ்டம். வீட்டுக்காரம்மா தமிழ்ப்பள்ளில வேலை பார்த்து ரிட்டையர் ஆனவங்க, எல்லாரும் டீச்சர்னுதான் கூப்பிடுவாங்க, நானும் அப்படித்தான். மகள் வேல்ஸ்ல பல வருஷம் இருந்துட்டு ஊருக்குத் திரும்பறப்ப அங்க பயன்படுத்துன ரேபர்ன் அடுப்பையும் ஏத்திட்டு வந்திருக்காங்க. ரேபர்ன் 1946-ல பிரிட்டன்ல விற்பனைக்கு வந்த அடுப்பு, போருக்கு அப்புறம் கிடைச்ச மட்டமான நிலக்கரி, விறகு எதுலயும் எரியணும், சமைக்கணும், அதே நெருப்புல வீட்டுக்கு சுடுதண்ணியும் வேணும்னு யோசிச்சு செஞ்சது. வார்ப்பிரும்பு, கால் டன்னுக்கு மேல இருக்கும். மலை ரயில்ல அத ஏத்த வழி இல்லாம, தண்ணீர்மலை பக்கம் பொட்டானிக்கல் கார்டன்கிட்ட ஆரம்பிக்கிற ஜீப் ரோட்டுல, அஞ்சு கிலோமீட்டர் செங்குத்து ஏத்தம், பாகம் பாகமா கழட்டி நாலு சக்கரமும் இழுக்குற காடில கொண்டு போய் சேர்த்திருக்காங்க.

ஏன் ஒரு எலெக்ட்ரிக் ஹீட்டர் மாட்டிட்டுப் போக வேண்டியதுதானேன்னு கேக்கலாம், நானும் கேட்டேன். மலைல மரம் விழுந்தா கரன்ட் போயிடும், 2017 நவம்பர் மழைல மலையில பல இடத்துல மண் சரிஞ்சு வழி அடைச்சது அவங்களுக்கு இன்னும் மறக்கல, வீட்டுல வயசான அம்மா இருக்காங்க, கரன்ட் இல்லாத ராத்திரிலயும் ஒரு வாளி சுடுதண்ணியும் ஒரு வாய் சூடான சோறும் கிடைக்கணும்ங்கறதுதான் டீச்சரோட கணக்கு. எனக்கு அது நியாயமாப்பட்டது. ஆனா பினாங்குக்குள்ள கீழ இருக்குற டெரஸ் வீட்டுக்கோ அபார்ட்மென்ட்டுக்கோ யாராவது இத கேட்டா நான் வேண்டாம்னுதான் சொல்லுவேன், 30 டிகிரி வெயில்ல நாள் முழுக்க எரியற வார்ப்பிரும்பு அடுப்போட சமையல்கட்டுல மனுஷன் நிக்க முடியாது, அங்க சோலார்தான் சரி.

என்னைக் கூப்பிட்ட காரணம் சத்தம். "தம்பி, அடுப்பு பத்த வெச்சு முக்கால் மணி நேரத்துல சுவத்துக்குள்ள யாரோ சுத்தியல்ல அடிக்கிற மாதிரி இருக்கு, குழாய திறந்தா பழுப்புத் தண்ணியும் ஆவியும் சீறிட்டு வருது, ஆனா குளிக்கிற ரூம்ல இருக்குற டேங்க் பச்சத் தண்ணி மாதிரி சில்லுனு இருக்கு"ன்னாங்க டீச்சர். போன்ல கேட்ட உடனே, டீச்சர், தயவு செஞ்சு நான் வர்ற வரைக்கும் அத பத்த வெக்காதீங்க, கேஸ் அடுப்புலயே சமைங்கனு சொன்னேன். பாய்லர்ல கொதிக்குது, சிலிண்டர் (சுடுதண்ணி சேமிக்கிற அந்த டேங்க்) சில்லுனு இருக்குன்னா தண்ணி சுத்தி வரலன்னு அர்த்தம், அதுக்கு மேல போன்ல விசாரிக்க ஒண்ணும் இல்ல.

மேல போய்ப் பார்த்தது இதுதான். முன்னாடி வேலை செஞ்சவர் (யாருன்னு எழுதப் போறதில்ல) பாய்லர் வாய்ல இருந்து அரை இன்ச் செம்பு பைப், அதாவது 15 மி.மீ, எடுத்திருக்கார். ஒரு மீட்டர் கூட போகல, அங்கேயே பச்சை கலர் பிபிஆர் பைப்புக்கு (ஒரு வகை பிளாஸ்டிக் பைப்) மாத்திட்டார். அந்த பைப் நேரா சீலிங் வரைக்கும் ஏறி, கதவு நிலைக்கு மேல குறுக்கப் போயி, மறுபடியும் கீழ இறங்கி, பக்கத்து பாத்ரூம்ல தரையில வெச்ச சிலிண்டர்ல சேருது. சிலிண்டரும் பாய்லரும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். போற லைன்ல ஒரு கேட் வால்வு, திரும்பி வர்ற லைன்ல ஒரு கேட் வால்வு. பச்சத் தண்ணி வர்ற லைன்ல செக் வால்வு. மேல டேங்க்குக்குப் போற வென்ட் பைப், அதாவது முதல்ல சொன்ன அந்தத் திறந்த பைப், கிடையவே கிடையாது, அதுக்கு பதிலா சிலிண்டர் தலையில எலெக்ட்ரிக் ஸ்டோரேஜ் ஹீட்டரோட வர்ற சேஃப்டி வால்வு ஒண்ண மாட்டியிருக்கார், மேல 7 பார் அழுத்தம்னு பொறிச்சிருக்கு.

கிட்டப் போய் தொட்டுப் பார்த்தா அந்த பிபிஆர் பைப் ரெண்டு கிளிப்புக்கு நடுவுல தொங்கிப் போயிருக்கு, ஒரு இடத்துல வயிறு மாதிரி உப்பி, பச்சை நிறம் வெளுத்து, விரலால அழுத்தினா மத்த இடத்த விட சொரசொரப்பு. பிபிஆர் சுடுதண்ணிக்கு ஆகும்தான், ஆனா தொடர்ந்து 70 டிகிரிக்கு மேல அதுக்குத் தாங்காது, விறகு பாய்லர்ல இருந்து வர்றது சில நேரம் கொதிக்கிற தண்ணி, சில நேரம் ஆவி. இன்னொன்னு, திரும்பி வர்ற லைன் கேட் வால்வோட சக்கரத்த நான் திருப்பிப் பார்த்தப்ப அது பாதிதான் திறந்திருந்துச்சு. துடைக்கறப்ப யார் கையாவது பட்டிருக்கலாம், வீட்டுல விளையாடுற பேரப் புள்ளையா இருக்கலாம். அந்த ரெண்டு வால்வும் முழுசா மூடியிருந்தா பாய்லருக்கு வெளிய போக வழியே இல்ல, ஏன்னா சேஃப்டி வால்வு இருக்கறது கேட் வால்வுக்கு அந்தப் பக்கம்.

இது எவ்வளவு மோசம்னு பிளம்பர் இல்லாதவங்களுக்கும் புரியணும். எலெக்ட்ரிக் ஹீட்டர்ல தெர்மோஸ்டாட் கட் பண்ணா சூடு அங்கேயே நின்னுடும். விறகு நெருப்புக்கு சுவிட்ச் கிடையாது, காத்த அடைச்சாலும் உள்ள இருக்குற தணலும் சிவந்து கிடக்குற இரும்பும் இன்னும் ஒரு மணி நேரம் ரெண்டு மணி நேரம் தண்ணிக்குள்ள சூட்ட தள்ளிட்டே இருக்கும். தண்ணி சாதாரணமா 100 டிகிரில கொதிக்கும், ஆனா அடைச்சு வெச்சு 7 பார் அழுத்தம் ஏறிட்டா அது 170 டிகிரி வரைக்கும் கொதிக்காம திரவமாவே இருக்கும். அந்த நிலைல பைப்போ ஜாயின்ட்டோ பிச்சுக்கிட்டா அழுத்தம் ஒரே நொடில இறங்கி, உள்ள இருக்குற தண்ணில எட்டுல ஒரு பங்கு அப்படியே ஆவியாயிடும், ஒரு லிட்டர் தண்ணி ஆவியானா ஆயிரத்து அறுநூறு லிட்டருக்கும் மேல இடம் கேக்கும். சமையல்கட்டு சுவர் தாங்காது, பக்கத்துல நிக்கிறவங்கள பத்தி எழுதவே மனசு வரல. பிரிட்டன்ல திட எரிபொருள் பாய்லர மூடின சிஸ்டத்துல நேரடியா சேக்க விடாம வென்ட் திறந்த சிஸ்டமாத்தான் கேக்கறாங்கன்னா அதுக்குக் காரணம் இதுதான், கட்டட விதில ஜி3ங்கற பகுதி முழுக்க சுடுதண்ணி பாதுகாப்புக்குன்னே வெச்சிருக்காங்க.

சரி, தண்ணி ஏன் சுத்தல? இதுலதான் எங்க ஆளுங்க நிறைய பேரு தப்புக் கணக்கு போடறாங்க. பம்ப் இல்லாத சிஸ்டத்துல தண்ணிய நகத்தறது வெயிட் வித்தியாசம் மட்டும்தான், சூடான தண்ணி லேசு, ஆறினது கனம். ஆனா அந்த வித்தியாசம் எவ்வளவு சின்னதுன்னு பாருங்க: 65 டிகிரில ஒரு கன மீட்டர் தண்ணி 980 கிலோ சொச்சம், 45 டிகிரில 990 கிலோ. ஒரு சதவீதம். பாய்லர் நடுவுல இருந்து சிலிண்டர் நடு வரைக்கும் ரெண்டரை மீட்டர் உயரம் கொடுத்தா, தண்ணிய தள்ற பலம் மொத்தமே 25 மி.மீ தண்ணி உயரத்துக்கு சமம், என் ரெண்டு விரல் அகலம் கூட வராது. சாதாரண ஒரு சின்ன சர்க்குலேட்டிங் பம்ப் 5 மீட்டருக்குத் தள்ளும். பழைய வேலைல உயரமே இல்ல, சிலிண்டர் தரையில இருந்ததால தள்ற பலம் கிட்டத்தட்ட பூஜ்யம், போதாததுக்கு சீலிங்ல ஏறி இறங்கற இடத்துல காத்து பொட்டலம் கட்டி நின்னுருக்கும்.

இப்ப பைப் சைஸ். இந்த பாய்லர் தண்ணிக்குக் கொடுக்கறது சுமார் 3 கிலோவாட். 20 டிகிரி வித்தியாசத்துல அத எடுத்துட்டுப் போகணும்னா நிமிஷத்துக்கு ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேல ஓடணும். போக வர மொத்தம் 14 மீட்டர் பைப்னு வெச்சு நான் கணக்கு போட்டேன்: 28 மி.மீ செம்புல நேர் பைப் உராய்வு மட்டும் 5 மி.மீ தண்ணி உயரம் சாப்பிடும், 22 மி.மீ-ல 17, 15 மி.மீ-ல 110. கையில இருக்கறது 25. அரை இன்ச் பைப்ல அந்தத் தண்ணி ஓடவே ஓடாது, ஓடாததால பாய்லருக்குள்ள சூடு ஏறிக்கிட்டே போயி கொதிக்கும், கொதிக்கற ஆவிக் குமிழி பச்சத் தண்ணில போய் மோதி உடையறதுதான் டீச்சர் கேட்ட சுத்தியல் சத்தம். முக்கால் இன்ச் காகிதத்துல பாஸ் ஆகற மாதிரி தெரியும், ஆனா ஒவ்வொரு எல்போவும் அரை மி.மீ-க்கு மேல புடுங்கும், பத்து எல்போ போட்டா எல்லா பலமும் தீர்ந்துச்சு. பிரிட்டன்ல கிராவிட்டி பிரைமரிக்கு (பம்ப் இல்லாம பாய்லருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல சுத்தற லைன்) 28 மி.மீ-னு பழக்கம் வெச்சிருக்கறது காரணம் இல்லாம இல்ல. ஹார்ட்வேர் கடை தவ்க்கே (முதலாளி) விலை சொன்னப்ப எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஒரு இன்ச் செம்பு இன்னிக்கு நகை விலை, இருந்தாலும் இந்த ஒரு இடத்துல சிக்கனம் பண்ண வழியே இல்ல.

பழச எல்லாத்தையும் கழட்டிட்டோம். சமையல்கட்டுக்கு மேல, கொஞ்சம் பக்கவாட்டுல தள்ளி, படுக்கை விரிப்பு வெக்கிற ஸ்டோர் ரூம் ஒண்ணு இருந்துச்சு, சிலிண்டருக்கு அதுதான் இடம்னு முடிவு பண்ணேன். ரெண்டரை மீட்டர் உயரம் அப்படித்தான் கிடைச்சுது. சிக்கல் எங்கன்னா நடுவுல கான்கிரீட் பீம். கூட வந்த கொத்தனார் "அண்ணே, பீம சுத்திக்கிட்டு ஒரு முழம் கீழ இறக்கி மறுபடி ஏத்திடலாம்ணே, ரெண்டு எல்போதானே" அப்படின்னார். அங்க நான் விட்டுக் கொடுக்கல. போற பைப் பாய்லர விட்டுக் கிளம்புனதுல இருந்து சிலிண்டர் வரைக்கும் ஏறிக்கிட்டே இருக்கணும், ஒரு இடத்துல ஒரு அங்குலம் இறங்கினாலும் அதுக்கு முன்னாடி இருக்குற மேட்டுல காத்து தங்கும், தங்குன காத்துக்கு வெளிய போக இடம் இல்ல, 25 மி.மீ பலத்தால அத தள்ளவும் முடியாது. கடைசில பீமுக்குக் கீழ இருக்குற செங்கல் சுவத்துல சாய்வா கோர் (மெஷின்ல குடையற வட்ட ஓட்டை) போட்டு, பைப்ப சமையல்கட்டுக்கு வெளிப்பக்கமா எடுத்து, வெளிச்சுவரோட ஏத்தி, ஸ்டோர் ரூம் தரை மட்டத்துக்கு மேல உள்ள நுழைச்சோம். படுக்கையாப் போற இடத்துல எல்லாம் மீட்டருக்கு 25 மி.மீ ஏத்தம் வெச்சேன், ஸ்பிரிட் லெவல் அடில மரத்துண்டு ஆப்பு ஒட்டி கிளிப் கிளிப்பா பார்த்தோம். எல்போ முடிஞ்ச வரைக்கும் தவிர்த்து பைப் பெண்டர்ல பெரிய வளைவா வளைச்சோம். வெளிச்சுவத்துல போற பைப்புக்கு தடிச்ச இன்சுலேஷன் போட்டு அதுக்கு மேல அலுமினிய ஷீட் சுத்தினோம், மலைப் பனில நனைஞ்ச இன்சுலேஷன் இல்லாததுக்கு சமம். ஆனா திரும்பி வர்ற பைப்புக்கு இன்சுலேஷன் கொஞ்சம் மெல்லிசு, அது ஆறினா சுழற்சிக்கு நல்லதுதான்.

பாய்லர் பக்கத்துல முதல் ஒரு மீட்டர் முழுக்க உலோகம், ஜாயின்ட் எல்லாம் கம்ப்ரஷன் இல்லன்னா திருகு, சாதாரண ஈயப் பத்தவைப்பு அங்க வெக்கல, ஏன்னா எப்பவாவது தண்ணி வத்தி பாய்லர் காஞ்சுட்டா ஈயம் உருகி ஜாயின்ட் கழண்டுடும். போற லைன் பாய்லரோட மேல் வாய்ல, திரும்பி வர்ற லைன் குறுக்கு மூலைல கீழ் வாய்ல, அப்பத்தான் பெட்டி முழுக்க தண்ணி கழுவிட்டுப் போகும். பாய்லர் பக்கத்துலயே 3 பார் சேஃப்டி வால்வு ஒண்ணு, கடைசி காவலுக்கு, வாய் தரைய பார்த்த மாதிரி. எல்லாத்துக்கும் கீழ ஒரு டிரெய்ன் காக், தண்ணிய வடிக்கிற குழாய்.

அடுத்தது சிலிண்டர். பாய்லர் தண்ணியே குழாய்ல வரணுமா, இல்ல தனியா சுத்தணுமான்னு ஒரு கேள்வி இருக்கு. பழைய வேலைல பாய்லர் தண்ணியே குழாய்க்கு வந்துச்சு, அதனாலதான் அந்தப் பழுப்பு, புதுசு புதுசா ஆக்ஸிஜனோட தண்ணி வந்துக்கிட்டே இருந்தா இரும்பு துருப்பிடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால ரெண்டையும் பிரிச்சேன்: பாய்லர் தண்ணி தனியா சுத்தும், குளிக்கிற தண்ணிய அது தொடாது. உள்ள காயில் வெச்ச சிலிண்டர் நம்ம கடைங்கள்ல கிடைக்கும், ஆனா அந்த காயில் எல்லாம் பம்புக்கு செஞ்ச ஒல்லி காயில், 25 மி.மீ பலம் அதுக்குள்ள நுழைஞ்சாலே செத்துடும். நான் பண்ணது சோலார் ஹீட்டர்ல இருந்து எடுத்த யோசனை, சில சோலார் டேங்க்ல உள் டேங்க்க சுத்தி ஒரு சட்டை மாதிரி வெளி டேங்க் இருக்கும், சூடான திரவம் அந்த இடைவெளில சுத்தும், தடையே இல்ல. பட்டர்வொர்த்ல ஒரு ஸ்டெயின்லெஸ் ஒர்க்‌ஷாப்ல 150 லிட்டர்ல அப்படி ஒண்ணு, ஒரு இன்ச் வாயோட, செஞ்சு வாங்குனோம். வெல்டிங் முடிஞ்சு சட்டைப் பக்கத்த அழுத்தம் ஏத்தி ராத்திரி முழுக்க வெச்சு பார்த்த அப்புறம்தான் மலைக்கு ஏத்தினோம்.

மேல ரெண்டு டேங்க். குளிக்கிற தண்ணிக்குப் பெரிய டேங்க், பாய்லர் சுத்துக்கு ஒரு சின்ன டேங்க், தண்ணி சூடாகி விரியறப்ப அந்த சின்ன டேங்க்லதான் ஏறும். 25 டிகிரில இருந்து 90-க்குப் போனா தண்ணி மூணு சதவீதத்துக்கு மேல விரியும். அந்த சின்ன டேங்க்ல இருந்து கீழ வர்ற ஃபீட் லைன்லயும் வால்வு வெக்கல. வென்ட் பைப் போற லைனோட உச்சில இருந்து கிளம்பி ஏறிக்கிட்டே போயி சின்ன டேங்க் மேல வளைஞ்சு நிக்கும். எவ்வளவு உயரம் நிக்கணும்னு ஒரு பழைய கணக்கு இருக்கு, 150 மி.மீ, கூட ஒவ்வொரு மீட்டர் தண்ணி உயரத்துக்கும் 40 மி.மீ. இங்க அஞ்சு மீட்டர், ஆக 350 மி.மீ டேங்க் தண்ணி மட்டத்துக்கு மேல. ஏன்னா 90 டிகிரி தண்ணி லேசா இருக்கறதால வென்ட் பைப்புக்குள்ள அது பச்சத் தண்ணி மட்டத்த விட ஒரு 150 மி.மீ மேல ஏறியே நிக்கும், அந்த உயரம் விடலன்னா சூடான தண்ணி சும்மாவே டேங்க்குக்குள்ள கொட்டி சுத்திக்கிட்டு இருக்கும், காத்தும் ஆக்ஸிஜனும் சேர்ந்து துரு திரும்ப ஆரம்பிக்கும். சிலிண்டர்ல இருக்குற குளிக்கிற தண்ணிக்கும் தனியா ஒரு வென்ட், அது பெரிய டேங்க்குக்கு மேல.

டேங்க் என்ன பொருள்ங்கறது இதுல பெரிய விஷயம். நம்ம ஊர்ல கூரைக்கு மேல வெக்கறது பெரும்பாலும் பாலிஎத்திலீன் டேங்க். கொதிக்கிற தண்ணி வென்ட் வழியா அதுல கொட்டிக்கிட்டே இருந்தா டேங்க் இளகி வளையும். 2006-ல இங்கிலாந்துல ஒரு வீட்டுல தெர்மோஸ்டாட் கெட்டுப் போயி கொதி தண்ணி பிளாஸ்டிக் டேங்க்ல ஏறி, டேங்க் உடைஞ்சு, கீழ படுத்திருந்த கைக்குழந்தை இறந்து போச்சு. அத படிச்சதுல இருந்து வென்ட் கொட்டுற டேங்க் எதுவா இருந்தாலும் நான் ஸ்டெயின்லெஸ்தான் வெக்கறேன், அடில முழு பலகை, தூங்கற ரூமுக்கு மேல வெக்கறதே இல்ல. மிதவையும் பிளாஸ்டிக் வேணாம், செம்பு. ரெண்டு டேங்க்குக்கும் இறுக்கமான மூடி, வென்ட் பைப் நுழையற ஓட்டைக்கு ரப்பர் வளையம், ஓவர்ஃப்ளோ வாய்ல நைலான் வலை, இது ஏடிஸ் கொசுவுக்கு, திறந்த சிஸ்டம்னு சொல்லி நம்ம ஊர்ல டேங்க்க திறந்து போட முடியாது.

இன்னும் ஒரு கேள்வி மிச்சம். சிலிண்டர் முழுக்க சூடாயிடுச்சு, யாரும் குளிக்கல, நெருப்பு எரியுது, அந்த சூடு எங்க போகும்? பிரிட்டன்ல இதுக்கு ஒரு ரேடியேட்டர (சுடுதண்ணி ஓடி ரூம சூடாக்குற தட்டு) வால்வே இல்லாம மாட்டிடுவாங்க. இங்க ரேடியேட்டர் எங்க கிடைக்கும்? 28 மி.மீ செம்பு பைப்பையே ஏணி மாதிரி வளைச்சு, மேல் பாத்ரூம் சுவத்துல ஒரு துண்டுக் கொடியா செஞ்சு, போற லைன்ல இருந்து கிளை எடுத்து, திரும்பி வர்ற லைன்ல சேர்த்தேன். வால்வு கிடையாது. டீச்சருக்கு இந்த மொத்த வேலைலயே பிடிச்சது அதுதான், "மலைக்கு வந்ததுல இருந்து இப்பத்தான் தம்பி காஞ்ச துண்டுல தொடைக்கிறேன்"ன்னாங்க. அது குழந்தை கை எட்டாத உயரம், பைப்ப நேரா தொட்டா சுடும்.

தண்ணி நிரப்புனது கீழ டிரெய்ன் காக் வழியா, மெதுவா, அடில இருந்து மேல நிரம்பறப்ப காத்து எல்லாம் தானா வென்ட் வழியா வெளியேறிடும், மேல இருந்து திறந்து விட்டா அங்கங்க மாட்டிக்கும். அப்புறம் சின்னதா ஒரு நெருப்பு. கூட வந்த பையன ஸ்டோர் ரூம்ல போற பைப் மேல கை வெச்சு உக்காரச் சொன்னேன், நான் கீழ. பாய்லர் வாய்ல சூடு தெரிஞ்சு கொஞ்ச நேரத்துல மேல இருந்து "அண்ணே வருதுண்ணே, வெதுவெதுன்னு வருது"ன்னு குரல் கொடுத்தான், திரும்பி வர்ற பைப் இன்னும் சில்லுனுதான், அதுதான் சரியான அடையாளம், சுழற்சி ஆரம்பிச்சிடுச்சு. நெருப்பு நிதானத்துக்கு வந்த அப்புறம் போறது 68, வர்றது 49 டிகிரில நின்னுச்சு. சத்தம்னு ஒண்ணும் இல்ல, காத வெச்சுக் கேட்டா மட்டும் தண்ணி நகர்ற லேசான இரைச்சல். 150 லிட்டர 22-ல இருந்து 60-க்குக் கொண்டு போக ஆறரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல சூடு வேணும், 3 கிலோவாட்ல கணக்குப்படி ரெண்டே கால் மணி நேரம், நிஜத்துல மூணு மணி நேரத்துக்குப் பக்கமா ஆச்சு, துண்டுக் கொடியும் வெளிப்பைப்பும் எடுத்துக்கிட்டது போக அது சரிதான். தண்ணி யாரும் எடுக்காம அடுப்ப மத்தியானத்துல இருந்து ராத்திரி சமையல் வரைக்கும் தொடர்ந்து எரிச்சும் பார்த்தேன், சிலிண்டர் 78-க்குப் போயி அதுக்கு மேல ஏறல, வென்ட்ல இருந்து ஒரு சொட்டு வரல.

78 டிகிரி தண்ணி குழாய்ல வந்தா கை வெந்துடும், 60-லயே சில நொடி போதும். ஆனா 60-க்குக் கீழ சேமிச்சு வெச்சா லெஜியோனெல்லா கிருமி வளர்ற பயம், அதனால சேமிப்பு சூடாவே இருக்கட்டும்னு விட்டுட்டு ஷவருக்கும் வயசானம்மா பாத்ரூமுக்கும் தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வு வெச்சு 41-ல பூட்டிட்டேன். இந்த வால்வு வாங்கறப்ப குறைஞ்ச அழுத்தத்துக்கு ஏத்ததான்னு பார்க்கணும், கூரை டேங்க் கொடுக்கறது அரை பார் கூட வராது. பச்சத் தண்ணியும் அதே கூரை டேங்க்ல இருந்தே ஷவருக்கு வரணும், ஒரு பக்கம் டேங்க் ஒரு பக்கம் நேரா மெயின் லைன்னு கொடுத்தா மிக்சிங் தடுமாறும்.

புகைப்போக்கி வேலைய அந்த வேலை தெரிஞ்ச வேற ஆள் செஞ்சார், நான் பார்த்தது சமையல்கட்டுக்கு நிரந்தரமா ஒரு காத்துத் துளை இருக்கான்னும் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியாச்சான்னும்தான். விறகு விஷயத்துல ஒண்ணு சொல்லணும். கொடிமலை 2021-ல இருந்து யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம், அங்க ஒரு கிளை வெட்டக் கூடாது, வெட்டவும் வேண்டாம். கீழ இருந்து ரப்பர் கட்டையும், பேராக் கோல செப்பத்தாங் பக்கத்து பக்காவ் (அலையாத்தி மரம்) கரியும் மூட்டையா வருது. மலை ஈரத்துல ரப்பர் கட்டை சீக்கிரம் நமுத்துடும், நமுத்த கட்டைல எரிச்சா பாதி சூடு அந்த ஈரத்த ஆவியாக்கவே போயிடும், புகைப்போக்கில தார் படியும், அதனால ஒரு வாரத்துக்கான கட்டைய சமையல்கட்டுக்குள்ளயே அடுக்கி வெக்கச் சொல்லியிருக்கேன்.

டீச்சர் வீட்டுல இப்ப சுவத்துல ஒரு காகிதம் ஒட்டியிருக்கு, கேட்டு வாங்கி அவங்களே தமிழ்ல அழகா எழுதினது. மாசம் ஒரு தடவை சின்ன டேங்க் மூடிய திறந்து மிதவைய கையால அழுத்திப் பாக்கணும், அந்த டேங்க்ல தண்ணி நகர்றதே இல்லங்கறதால மிதவை வால்வு இறுகிப் போகும், இறுகிட்டா பாய்லர் சுத்துல குறையற தண்ணி நிரம்பாது. சத்தம் கேட்டா அடுப்புக் காத்த அடைச்சுட்டு சுடுதண்ணிக் குழாய திறந்து விடணும். பாய்லர் காஞ்சு போயிருக்கலாம்னு சந்தேகம் வந்தா பச்சத் தண்ணி ஊத்தவே கூடாது, இரும்பு வெடிச்சுடும், தானா ஆறுற வரைக்கும் விடணும். எந்தப் பிளம்பர் வந்து "சர்வீஸ் பண்ண வசதியா ஒரு வால்வு வெச்சுத் தரேன்"னு சொன்னாலும் பிரைமரி லைன்ல வெக்க விடக்கூடாது, இந்த வரிய மட்டும் டீச்சர் சிவப்புப் பேனால எழுதியிருக்காங்க.

பாக்கி ஒரு வேலை இருக்கு. ராத்திரி நெருப்ப தணிச்சு வெச்சா திரும்பி வர்ற தண்ணி 40-க்குக் கீழ போயிடுது, அந்த சூட்டுல பாய்லர் சுவத்து மேல புகை வேர்த்து தார் ஒட்டும். பம்ப் சிஸ்டத்துல இதுக்கு கலவை வால்வு வெப்பாங்க, கிராவிட்டில அது தடையாயிடும், அதனால இப்போதைக்கு தினமும் ஒரு தடவை அரை மணி நேரம் நல்லா எரிய விட்டு அந்தத் தார சுட்டு எடுக்கச் சொல்லியிருக்கேன். வர்ற மழைக்காலம் முடிஞ்சதும் பாய்லர் முகத்த திறந்து எவ்வளவு படிஞ்சிருக்குன்னு பார்த்துட்டு மேற்கொண்டு முடிவு பண்ணணும்.